பஞ்சுப் பனிமனிதனும் பால்காரத் தாத்தாவும்



இந்தப் பகுதியில் நீங்கள் எழுதும் கைவேலைக் குறிப்புகளை வெட்டி, நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வது என் பழக்கம். இதுவரை நான் எழுதியதில்லை. இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் எல்லா ஊரிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளின் டைரியில் அந்தத் துண்டுச் சீட்டு வந்துவிடும். "குளிர்கால அலங்காரம். ஒவ்வொரு குழந்தையும் ஒரு பனிமனிதன் செய்து வரவும்."

எங்கள் வீட்டுக்கு அந்தச் சீட்டு வந்தது 2023 டிசம்பர் தொடக்கத்தில். மகள் அப்போது எல்.கே.ஜி. கடைக்குப் போய் தெர்மாகோல், பஞ்சு ரோல், ஜிகினா, கறுப்புச் சார்ட் எல்லாம் வாங்கி வந்தேன். இரவு சமையலை முடித்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கும்போது மணி பதினொன்று. நடுவில் சின்னவள் பக்கத்தில் வந்து, "அம்மா, நானும் ஒட்டுதேன்" என்று பஞ்சை எடுத்தாள். "தொடாதட்டி, கெட்டுப் போயிரும்" என்று கையைத் தட்டிவிட்டேன். அவள் பாட்டுக்குப் பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் அந்தப் பனிமனிதனுக்கு முதல் பரிசு! வாசலில் நிற்கிற மற்ற அம்மாக்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பரிசு யாருக்குக் கிடைத்தது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பீடி சுற்றுகிறவர். அவர் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. அன்று சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனபோது அவர் கையில் மடித்த காலண்டர்த் தாள் ஒன்று இருந்தது. முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"பஞ்சுக்கும் ஜிகினாவுக்கும் போனா என் ஒரு நாள் கூலி போயிரும் எக்கா. அதான் இவனே வரைஞ்சு கொண்டுட்டுப் போனான். சுவத்துல ஒட்டலையாம். திருப்பிக் குடுத்துட்டாக. நீயே பாரு, இதுல என்ன தப்பு?"

தாளை விரித்துப் பார்த்தேன். தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிய ஒரு மனுஷன். கையில் ஒரு தூக்குவாளி. பக்கத்தில் நான்கு கால்களோடு ஏதோ ஒன்று, மாடாகத்தான் இருக்க வேண்டும். மேலெல்லாம் வெள்ளைச் சாக்பீஸால் தேய்த்திருந்தான்.

"இது யாருல?" என்றேன் பையனிடம்.

"எங்க தாத்தா. காலைல பனியில பால் கறக்கப் போவாக. பனியில நிக்குற மனுசன்தானே பனிமனுசன்?"

எனக்குச் சுருக்கென்றது. பத்தாவது வரை தமிழ் படித்தவள் நான். "பனி" என்றால் நம் ஊரில் என்ன என்று அந்த நாலு வயசுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் மறந்துபோயிருக்கிறது! கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் சொல்லிக் கொடுத்தார்களே. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. பனிக்கு இரண்டு பருவம் ஒதுக்கி வைத்திருக்கிற நாம், சுவரில் மட்டும் யாரோ ஒருவர் ஊர்ப் பனியைக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வருஷம் நடந்ததையும் சொல்கிறேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாமிரபரணிக் கரை ஊர்கள் தத்தளித்தன. எங்கள் பகுதியிலும் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. வெளியே வானமே இடிந்து விழுகிற மாதிரி மழை. உள்ளே, பூட்டின வகுப்பறையில் பஞ்சுப் பனிமனிதர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். மழை விட்டதும் பிள்ளைகளுக்கு வாய் ஓயவில்லை. குளம் உடைந்தது, கோழி மிதந்தது, கரன்ட் போனது என்று ஒரே பேச்சு. அதையெல்லாம் வரைய சுவரில் இடம் ஏது?

அரையாண்டு விடுமுறையில் மார்கழித் திருவாதிரைக்குக் குற்றாலம் போனோம். குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபை உங்களில் பலர் பார்த்ததாக இருக்கும். நடராசருக்குச் சொல்கிற ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலம் சித்திரம். இங்கே ஆடுகிற சாமி சுவரில் ஓவியமாகவே இருக்கிறார். சுற்றிலும் சுவர் நிறையப் புராணக் காட்சிகள். கூட்டத்தில் மகளை இடுப்பில் தூக்கிக் காட்டினேன். வாயைப் பிளந்து பார்த்தவள், "அம்மா, இது யாரு ஒட்டுனா?" என்றாள்.

"ஒட்டலைட்டி, வரைஞ்சிருக்காவ. அந்தக் காலத்து ஆளுக."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என் பனிமனுசன நான் ஒட்டவே இல்லையே. நீதான ஒட்டுன" என்றாள்.

தோழிகளே, அன்று சாமி கும்பிட்டேனா என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு சுவர் கேட்டோம்

அடுத்த ஆண்டு, 2024 கார்த்திகையில், அதே சீட்டு வருவதற்கு முன்பே நாங்கள் ஐந்தாறு அம்மாக்கள் டீச்சரைப் பார்க்கப் போனோம். சண்டைக்கு இல்லை. டீச்சரும் பாவம்தான். மாதா மாதம் என்ன தலைப்பு என்று அவர் கைக்கு அச்சடித்த தாள் வருகிறது. அவர் அதைச் செய்கிறார். "ஒரே ஒரு சுவர் குடுங்க டீச்சர். பிள்ளைகள் கையாலேயே நம்ம ஊர்ப் பனிக்காலம் செய்யட்டும். செலவு வராது" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சுவரில் நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தருவி: முந்தின வருஷம் மிஞ்சின பஞ்சு பரணில் கிடந்தது. அது அருவியாகிவிட்டது! பழுப்புத் தாளைப் பிள்ளைகள் கையால் கிழித்துக் கசக்கிப் பாறையாக ஒட்டினார்கள். அதன் மேலே பஞ்சை ஐந்து கீற்றாக இழுத்துவிட்டார்கள். பஞ்சு இல்லையென்றால் பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தொங்க விடலாம். பக்கத்திலேயே இன்னொரு அருவி. அதற்கு டீ டிகாஷனில் நனைத்துக் காய வைத்த துணி. "இது செந்தண்ணி அருவி. தண்ணி இப்படிக் கலங்கி வந்தா பக்கத்துல போகக் கூடாது, போலீஸ் மாமா விசில் ஊதினா உடனே வெளிய வந்துரணும்" என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனதே, மறக்க முடியுமா? மலையில் பெய்கிற மழை கீழே நமக்குத் தெரியாது, தண்ணீர்தான் வந்து சொல்லும். அழகுக்கு ஒட்டுகிற சுவர், உயிர் காக்கிற பாடத்தையும் சொல்லட்டுமே.

மலையும் மூட்டமும்: பழைய செய்தித்தாளை நீளவாக்கில் மேடு பள்ளமாகக் கிழித்து, பச்சையும் நீலமும் பூசினால் திரிகூட மலை தயார். அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை மேல் ஓரத்தில் மட்டும் குத்தித் தொங்க விட்டோம். காலையில் வந்ததும் துணியை இறக்கி விடுவார்கள், "மலையக் காணோம்!" வெயில் ஏறினதும் தூக்கிவிடுவார்கள், "மலை வந்துட்டு!" தினமும் இந்த வேலைக்கு ஒரு பிள்ளை முறை. அந்த முறைக்காகவே லீவு போடாமல் வந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

வாதாங்கொட்டை இலை: வெளிநாட்டுப் படத்தில் சிவப்பு இலை உதிர்வதைப் பார்த்து அதிசயப்படுகிறோம். நம் தெருவிலேயே மார்கழி, தையில் வாதாம் மரம் செக்கச் செவேலென்று பழுத்து இலை கொட்டுகிறது. பொறுக்கி வந்து, பழைய புத்தகத்துக்குள் நான்கு நாள் அழுத்தி வைத்து எடுத்தால், மீன், மயில், கோழி எது வேண்டுமானாலும் செய்யலாம். அந்த அக்கா, "பீடி இலை வெட்டின மிச்சம் மூட்டையா கிடக்கே, தரட்டா?" என்று ஆசையாகக் கேட்டார். புகையிலைத் தூள் படிகிற இடத்தில் கிடந்த இலை, பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் என்று சொன்னதும் அவருக்கே புரிந்தது. பதிலுக்கு அவரே ஒரு சாக்கு நிறைய வாதாம் இலை பொறுக்கிக் கொண்டுவந்தார்.

கார்த்திகை விளக்கு: இது மாயாஜாலம்! மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய விடுங்கள். துணி சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து மஞ்சள் தாளில் வரையச் சொல்லுங்கள். வரைகிற இடமெல்லாம் சிவப்பாகும். பிள்ளைகள் சுடர் வரைந்தார்கள், சொக்கப்பனை வரைந்தார்கள். மஞ்சளுக்கு அந்தக் குணம். சோப்பில் உள்ள காரம் பட்டதும் நிறம் மாறும். ஆரத்தித் தட்டில் நாம் சுண்ணாம்பு கலக்கும்போது நடப்பதும் இதேதான். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து.

கோலமும் பூசணிப்பூவும்: கறுப்புத் தாளில் டீச்சர் புள்ளி வைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் விரலால் பசையை இழுத்து, மேலே சலித்த மணலைத் தூவித் தட்டினார்கள். முதல் நாள் நான் அரிசிமாவு கொடுத்து அனுப்பி, மறுநாள் சுவர் முழுக்க எறும்பு ஊர்வலம். சிரிக்காதீர்கள்! கோலத்தின் நடுவே மஞ்சள் தாளில் செய்த பூசணிப்பூ. பிள்ளைகளின் வளைவு நெளிவான கம்பியை யாரும் திருத்தக் கூடாது என்று எங்களுக்குள் சட்டம் போட்டுக்கொண்டோம். எனக்குக் கை துறுதுறுத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பனி நாட்டுப் பறவை: பனி கொட்டுகிற நாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாதா என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நம் நெல்லைச் சீமையிலேயே வழி இருக்கிறது. கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. வெள்ளைத் தலையில் கறுப்புப் பட்டை இரண்டு இருக்கும். இமயமலையையே தாண்டிப் பறந்து வருகிற பறவை. பிள்ளையின் உள்ளங்கையில் சாயம் தடவித் தாளில் பதித்தால் கட்டைவிரல் கழுத்து, மற்ற விரல்கள் இறகு. தலையில் இரண்டு கோடு போட்டால் வாத்து. சுவரின் ஒரு மூலையில் வெள்ளை மலை, இன்னொரு மூலையில் நீலக் குளம், நடுவில் இருபது கைகள் பறந்து வருகின்றன. "அங்க ரொம்பக் குளிரு, அதான் நம்ம ஊருக்கு வருது" என்று என் மகள் விளக்கம் சொன்னாள். பனி அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

இன்னைக்கு வானம் எப்படி?: ஒரு கயிற்றில் சூரியன், மேகம், மழை, மூட்டம் என்று நான்கு அட்டைகள். தினம் ஒரு பிள்ளை ஜன்னல் வழியே பார்த்து அன்றைய அட்டையை மாட்டும். அரசுப் பள்ளி ஆசிரியையான என் நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, "2007-08லயே எங்க பள்ளிக்கூடங்கள்ல செயல்வழிக் கற்றல்னு வந்தப்போ காலநிலை அட்டவணையும் இருந்துச்சு மைனி" என்றார். பிள்ளைகள் செய்ததை மாட்டக் கம்பிப் பந்தல், பிள்ளைகள் எழுதத் தரையோடு ஒட்டின கரும்பலகை எல்லாம் அப்போது வைத்தார்களாம். நல்ல விஷயம் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, நாம்தான் எட்டிப் பார்க்கவில்லை.

அனுபவத்தில் கண்டது

இனி, செய்து பார்த்துக் கற்றுக்கொண்ட சில விஷயங்கள்.

பசைக்கு இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி வரும்வரை கிண்டினால் போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்குத் தேவையானதைக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஈரத்துக்குச் சுவரில் நேராக ஒட்டினால் மூன்றாம் நாள் உரிந்து விழும், சுண்ணாம்பும் சேர்ந்து வரும். பழைய கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்து ஆணியில் மாட்டி, அதன்மேல் குத்திவிட்டோம். துணி கிளிப் போட்டுக் கயிற்றிலும் தொங்கவிடலாம். குண்டூசி வேண்டாம்.

தெர்மாகோலை மறந்துவிடுங்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையே இருக்கிறது. தடை ஒரு பக்கம் இருக்கட்டும், உதிர்கிற அந்த மணிகளை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயசு இது.

மூன்று வயசுக்குக் கிழிக்கிற வேலை, நாலு வயசுக்கு ஒட்டுகிற வேலை, ஐந்து வயசுக்கு மழுங்கின கத்தரிக்கோல் என்று பிரித்துக் கொடுத்தால் யாரும் அழமாட்டார்கள்.

படங்களைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு மாட்டுங்கள். நம் கண் உயரத்துக்கு மாட்டினால் அது ஆய்வாளர் பார்க்கிறதற்கு!

கடைசியாக, சுவர் முழுக்க நிரப்ப வேண்டாம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை என் தம்பி படித்துச் சொன்னான். 24 மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறும் அறையிலும் பாடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அலங்கார அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகமாகச் சிதறியதாம், கேள்விகளுக்குச் சரியான பதிலும் குறைந்ததாம். அதனால் கரும்பலகை உள்ள சுவரைச் சும்மா விட்டோம். பக்கத்துச் சுவர் மட்டும் பிள்ளைகளுக்கு. தைப் பொங்கலுக்குப் பிறகு எல்லாவற்றையும் கழற்றி அவரவர் கையில் கொடுத்துவிட்டோம்.

நடுவில் ஒரு படம்

எல்லாம் மாட்டி முடித்ததும் சுவரின் நடுவில் ஒரு தாள் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. வேண்டுமென்றே விட்ட இடம். அந்த அக்காவிடம், "போன வருஷத்துப் படம் இருக்கா?" என்று கேட்டேன். துணிப் பெட்டியில் சேலைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தது. டீச்சரே பின்பக்கம் தாள் ஒட்டி, நடுவில் மாட்டினார். கீழே, "பனியில் நிற்கும் மனிதர்" என்று பெரிய எழுத்தில் எழுதினார். அப்படியே பையனின் தலையைத் தடவிக்கொடுத்தார். அவ்வளவுதான், வேறெதுவும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பால் ஊற்றிவிட்டு அந்தத் தாத்தா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலையில் அதே துண்டு, கையில் அதே தூக்குவாளி. பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனான். படத்துக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாட்டுக்கு நாலு காலையும் சரியாப் போட்டுட்டான். கன்னுக்குட்டிய விட்டுட்டானே" என்றார்.

பையன் உடனே சாக்பீஸ் தேடப் போய்விட்டான்.

என் மகள் செய்த வாத்து இப்போது எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் இருக்கிறது. இறக்கை ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சின்னது. பசை வழிந்து காய்ந்திருக்கிறது. அதற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும், "இது நானே செஞ்சது" என்று காட்டுகிறாள்.

இந்த வருஷம் உங்கள் பிள்ளையின் டைரியிலும் அந்தச் சீட்டு வந்தால், கடைக்குப் போகும் முன்னால் ஒருமுறை பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், "பனின்னா உனக்கு என்ன?" என்று. உங்கள் ஊர் பதில் என்ன வந்தது என்று இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். நோட்டில் ஒட்டி வைக்க நான் காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, தென்காசி